கொண்டோவில் குறை: யாரிடம் கேட்பது, யார் காசு கட்டுவது?

கொண்டோ, அதாவது மாடிக் கட்டடத்தில் சொந்தமாக வாங்கும் வீடு, அதில் வரும் கட்டடக் குறைபாடு பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. கடைசிக் கேள்வி தவிர மற்ற எல்லாம் ஒன்ராறியோவைப் பற்றியவை. உங்கள் ஒப்பந்தத்தையும் கட்டடத்தின் டிக்ளரேஷனையும் (கொண்டோவை உருவாக்கப் பதிவு செய்த மூல ஆவணம்) பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே சட்டத்தரணியிடம் போகும் முன் படித்துக்கொள்வதற்கு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம் அண்ணா. ஸ்காபரோவில் புதுக் கொண்டோ வாங்கிக் குடிவந்து இருபது மாதம் ஆகிறது. மழை பெய்தால் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சுவர் ஈரமாகிறது, இப்போது கறுப்பாகப் பூஞ்சணமும் பிடிக்கிறது. பில்டரின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குள் ஈரப்பதம் கூட, சமைக்கும்போது ஃபேன் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் இனி என்ன செய்ய?

தங்கச்சி, சுவரை விடுங்கள், முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். உங்களுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது.

ஒன்ராறியோவில் புது வீட்டுக்குச் சட்டப்படி உத்தரவாதம் உண்டு, டாரியன் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. உத்தரவாதம் மூன்று படியாக இருக்கும். வேலைத்தரம், பொருட்தரம் பற்றிய குறைகளுக்கு ஒரு வருடம். கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாகத் தண்ணீர் உள்ளே வருவது, மின்சாரம், குழாய், வெப்ப விநியோகம், வெளிப்பூச்சு கழன்று வருவது, உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பாதிக்கும் கட்டட விதி மீறல் ஆகியவற்றுக்கு இரண்டு வருடம். பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழு வருடம். உங்களுடையது இரண்டாவது படியில் வரக்கூடியது. டாரியனின் மைஹோம் இணையக் கணக்கில் இரண்டாம் வருடப் படிவத்தை அந்தக் கெடுவுக்குள் நீங்களே போட வேண்டும். பில்டருக்கு நூறு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாலும் அது டாரியனுக்கு அறிவித்ததாகாது. எத்தனையோ பேர் இழப்பது இந்த இடத்தில்தான்: பில்டரின் அலுவலகப் பிள்ளை "வருகிறோம், வருகிறோம்" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கும், கெடு போய்விடும்.

அடுத்தது, அந்தச் சுவர் யாருடையது? கொண்டோவில் எல்லாக் கேள்வியும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். உங்கள் யூனிட்டின் எல்லை எங்கே முடிகிறது என்பது டிக்ளரேஷனில் ஷெட்யூல் சி என்ற பகுதியில் எழுதியிருக்கும். பெரும்பாலான கட்டடங்களில் வெளிச்சுவரும் ஜன்னல் சட்டமும் பொதுப் பகுதி. பொதுப் பகுதிக்கான உத்தரவாதத்தை நீங்கள் கேட்க முடியாது, எல்லா உரிமையாளரும் சேர்ந்த சட்ட அமைப்பான கொண்டோ கோப்பரேஷன்தான் கேட்க வேண்டும். அதன் கடிகாரமும் வேறு. உங்கள் யூனிட்டுக்கு நீங்கள் குடிவந்த நாளிலிருந்து கணக்கு, பொதுப் பகுதிக்கு டிக்ளரேஷன் பதிவான நாளிலிருந்து கணக்கு. ஆகவே இரண்டு பக்கமும் செய்யுங்கள். உங்கள் படிவத்தை நீங்கள் போடுங்கள், அதே நாளில் போர்ட்டுக்கும் (கோப்பரேஷனை நடத்த உரிமையாளர்கள் தெரிவு செய்யும் குழு) மனேஜருக்கும் எழுத்தில் அறிவியுங்கள், பதில் எழுத்தில் வர வேண்டும் என்றும் கேளுங்கள்.

டிக்ளரேஷன் பதிவான 6 மாதத்துக்குப் பிறகு, 10 மாதத்துக்குள், ஒரு பொறியியலாளரையோ கட்டடக் கலைஞரையோ வைத்துப் பொதுப் பகுதிகளைச் சோதிக்க வேண்டும் என்று கொண்டோ சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. பெர்ஃபோமன்ஸ் ஓடிட் என்பார்கள். அந்த அறிக்கை 11ஆம் மாதம் முடியும் முன் டாரியனுக்குப் போக வேண்டும். உங்கள் ஜன்னல் வரிசை அதில் இருக்கிறதா என்று போர்ட்டிடம் கேளுங்கள். கோப்பரேஷனின் ஆவணங்களைப் பார்க்க உரிமையாளருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மறுத்தால் கொண்டோ அதோரிட்டி ட்ரைபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்கு லோயர் தேவையில்லை. ஆனால் அந்த ட்ரைபியூனல் கட்டடக் குறையை விசாரிக்காது, உங்கள் விஷயத்தில் ஆவணத்தை வாங்கித் தருவதோடு சரி.

"ஈரப்பதம்" என்ற பதிலை எப்படி மறுப்பது? உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிவதென்றால் அது கடும் குளிர் நாட்களில், மழை இல்லாவிட்டாலும், கண்ணாடியின் ஓரங்களில் தெரியும். வெளியிலிருந்து ஒழுகினால் காற்றோடு மழை அடித்த நாளிலும் அதற்கடுத்த நாளிலும் தெரியும். ஆகவே ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். மழை நாள், காற்று அடித்த திசை, அளவு, தேதியோடு படம், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் அதே இடத்தில் ஈரம் இருந்தால் ஃபேன் கதை அதோடு முடிந்துவிடும். பூஞ்சணத்தைத் துடைத்துப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், சாட்சி அதுதான். மூச்சுக் கஷ்டம் உள்ள குழந்தை யாராவது இருந்தால் அந்த அறையில் படுக்க விடாமல், முதலில் படம் எடுத்துவிட்டு, பிறகு சுத்தம் செய்யுங்கள்.

படிவம் போட்ட பிறகு பில்டருக்குத் திருத்த ஒரு காலம் கொடுப்பார்கள். திருத்தாவிட்டால் டாரியனின் பரிசோதகரை வரவழைத்துத் தீர்மானம் கேட்கலாம், அதற்கும் கெடு உண்டு, மைஹோமில் தேதி தெரியும். டாரியனும் உங்களுக்கு எதிராக முடிவெடுத்தால், முடிவுக் கடிதம் கையில் கிடைத்து 15 நாளுக்குள் லைசென்ஸ் அப்பீல் ட்ரைபியூனலுக்குப் போகலாம். 15 நாள்தான். கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு விடுமுறைக்குப் போய்விடாதீர்கள்.

நான் ஓய்வூதியத்தில் இருக்கிறேன். கட்டடத்தின் பல்கனிகள் பழுது என்று சொல்லி, ஒவ்வொரு வீட்டுக்கும் மாதக் கட்டணத்துக்கு மேலாகப் பெரிய தொகையாக ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் வாக்குக்கூடக் கேட்கவில்லை. பிழை பில்டருடையது, நான் ஏன் கட்ட வேண்டும்? கட்டாமல் விட்டால் என்ன?

ஐயா, தயவுசெய்து கட்டாமல் விடாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அதைக் காட்டும் இடம் இது இல்லை.

ஒன்ராறியோவில் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போட உரிமையாளர்களின் வாக்கு தேவையில்லை, போர்ட் தானே போடலாம். கோப்பரேஷனுக்கு எதிராக உங்களுக்கு ஒரு கோரிக்கை இருந்தாலும் பொதுச் செலவைக் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. கட்டாவிட்டால் உங்கள் வீட்டின் மேல் லீன் (கடனுக்காக வீட்டைப் பிடித்து வைக்கும் உரிமை) விழும். 10 நாள் முன்னறிவித்தல் தந்துவிட்டு அதைப் பதிவு செய்வார்கள், வட்டியும் லோயர் செலவும் மேலே ஏறும். அந்த லீன் உங்கள் மோர்ட்கேஜுக்கும் முன்னால் வந்து நிற்கும், அதனால் வங்கி பயந்து தானே கட்டிவிட்டு உங்கள் கடனோடு சேர்த்துக்கொள்வதும் உண்டு. கடைசியில் வீட்டை விற்றே எடுக்கும் அதிகாரமும் கோப்பரேஷனுக்கு இருக்கிறது. சில ஆயிரம் டாலரில் தொடங்கிய பிடிவாதம் வீட்டையே கேட்கும் அளவுக்கு வளரும்.

சரி, வேறு என்ன செய்யலாம்? முதலில் போர்ட்டிடம் தவணை கேளுங்கள், எழுத்தில், உங்கள் நிலையைச் சொல்லி. மொத்தமாகக் கேட்பதற்குப் பதில் கோப்பரேஷனே கடன் எடுத்து அதை மாதக் கட்டணத்தில் பல வருடத்துக்குப் பரப்புவதும் ஒரு வழி. பட்ஜெட்டில் இல்லாத செலவுக்குக் கடன் எடுக்க அதற்கென்று தனியாக ஒரு பைலோ (கோப்பரேஷனின் உள்விதி) நிறைவேற்ற வேண்டும், அதற்கு உரிமையாளர்களின் பெரும்பான்மை தேவை. அதாவது அசெஸ்மென்டில் கிடைக்காத வாக்கு உங்களுக்கு இங்கே கிடைக்கிறது. வட்டி சேரும் என்பது உண்மை. ஆனாலும் ஓய்வூதியத்தில் இருப்பவர்கள் அதிகமுள்ள கட்டடத்தில் மொத்தமாகப் பிடுங்குவதை விட இது மனிதத்தன்மையானது என்றே நான் நினைக்கிறேன்.

15 வீத யூனிட்களின் உரிமையாளர்கள் கையெழுத்திட்டால் கூட்டம் கூட்டும்படி போர்ட்டைக் கேட்கலாம். அந்தக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: பொறியியலாளரின் அறிக்கை எங்கே, எத்தனை கொன்ராக்டர்களிடம் விலை கேட்டீர்கள், பில்டர் மேலும் டாரியனிலும் கோரிக்கை போடும் காலம் இன்னும் இருக்கிறதா. மூன்றாவதுக்குப் பதில் தெரியாத போர்ட் என்றால் அன்றே ஒரு லோயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டின் மேல் உள்ள பெறுமதியை வைத்துக் கடன் எடுக்க நேர்ந்தால் லீன் விழும் முன் வங்கியோடு பேசுங்கள், விழுந்த பிறகு பேரம் பேச முடியாது. காப்புறுதி பற்றி நிறையப் பேர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். உரிமையாளர் காப்புறுதியில் உள்ள அசெஸ்மென்ட் பாதுகாப்பு பொதுவாகத் தீ, வெள்ளம் போன்ற காப்புறுதி செய்யப்பட்ட விபத்தால் வந்த செலவுக்குத்தான். மோசமான வேலையைத் திருத்தும் செலவை அது தராது. ஆனாலும் ஒழுகிய தண்ணீர் கெடுத்த தரைக்கும் தளபாடத்துக்கும் தரக்கூடும், அதை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

நான் எங்கள் கட்டடத்தின் போர்ட்டில் புதிதாக வந்தவன். கட்டடத்துக்குப் பன்னிரண்டு வயது. வெளிச்சுவர்ப் பலகைகள் தளர்ந்திருக்கின்றன என்று போன மாதம் பொறியியலாளர் எழுதித் தந்தார். கட்டிய கம்பனி இப்போது இல்லை. வழக்குப் போட்டால் லோயர்தான் கொழுப்பார் என்று பலர் எதிர்க்கிறார்கள். வழக்குப் போடலாமா?

தம்பி, உங்கள் கேள்விக்கு வினிப்பெக்கில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1970களில் கட்டிய 15 மாடிக் கட்டடம், பிறகு கொண்டோவாக மாறியது. 1989 மே மாதம் அதன் ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு மாடி உயரக் கல்லுறை பெயர்ந்து தரையில் விழுந்தது. அதிர்ஷ்டம், யாருக்கும் காயமில்லை. உறை முழுவதையும் மாற்ற 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. உரிமையாளர்களுக்கும் கட்டிய கம்பனிக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை, அவர்கள் பின்னால் வாங்கியவர்கள். ஆனாலும், ஆபத்தான குறையைத் திருத்தும் நியாயமான செலவுக்குக் கட்டியவர் பிற்கால உரிமையாளருக்கும் பொறுப்பு என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. இதில் "ஆபத்தான" என்பதுதான் திறவுகோல். வெறுமனே மட்டமான வேலை, சொன்னதை விட மலிவான பொருள், இவற்றுக்கு ஒப்பந்தம் இல்லாதவர் இந்த வழியில் பணம் கேட்க முடியாது. ஆளின் தலையில் விழக்கூடிய பலகை என்பது வேறு. ஆகவே உங்கள் பொறியியலாளர் "தளர்ந்திருக்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது. விழும் அபாயம் உண்டா, யாருக்கு, எவ்வளவு அவசரம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அவர் உண்மையில் காண்பதைத்தான் எழுத வேண்டும், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அதற்குப் பதில் எழுதுவார்.

கட்டிய கம்பனி இல்லை என்பது புதுமை இல்லை. ஒரு கட்டடத்துக்கென்று ஒரு கம்பனி தொடங்குவார்கள், வீடுகள் விற்று முடிந்ததும் அது வெறும் கூடு. அதை மட்டும் நம்பி வழக்குப் போட்டால் எதிர்ப்பவர்கள் சொல்வது சரியாகிவிடும். ஆனால் ஒரு கட்டடத்தில் கை வைத்தவர்கள் நிறையப் பேர்: கட்டடக் கலைஞர், பொறியியலாளர், சுவர்ப் பலகை போட்ட துணைக் கொன்ராக்டர். தொழில்வல்லுநர்களுக்குப் பொறுப்புக் காப்புறுதி இருக்கும். நகரசபையும் தப்பாது. ரொறன்ரோவில் ஒரு வீட்டு நிலக்கீழ் வேலையைச் சரியாகப் பரிசோதிக்காததற்கு நகரமும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லியிருக்கிறது. யாரிடம் காசோ காப்புறுதியோ இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது லோயரின் முதல் வேலையாக இருக்கட்டும். அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு வழக்கா இல்லையா என்று முடிவெடுங்கள்.

காலம்தான் இங்கே உங்கள் எதிரி. குறை தெரிய வந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 வருடம். எப்போது தெரிந்தாலும் சரி, பிழை நடந்த நாளிலிருந்து 15 வருடம் போனால் கதவு மூடிவிடும். உங்கள் கட்டடத்துக்கு 12 வயது என்றால் வேலை நடந்தது அதற்கும் முன். பழைய பெர்ஃபோமன்ஸ் ஓடிட் அறிக்கையை இன்றே தேடி எடுங்கள். அதில் இதே பலகைகளைப் பற்றி ஒரு வரி இருந்தால், "உங்களுக்கு அப்போதே தெரியும், 2 வருடம் எப்போதோ போய்விட்டது" என்று எதிர்த்தரப்பு நிற்கும். டாரியனோடு பேசிக்கொண்டிருந்தால் நீதிமன்றக் கெடு தானாக நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். பேச்சுவார்த்தைக்கு நேரம் வேண்டுமானால், கெடுவை நிறுத்திவைக்கும் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட முடியும். கையெழுத்தில்லாத வாக்குறுதி ஒன்றுக்கும் உதவாது.

கோப்பரேஷன் தன் பெயரிலும் உரிமையாளர்கள் சார்பிலும் வழக்குப் போட 23ஆம் பிரிவு இடம் தருகிறது, முன்கூட்டி எல்லா உரிமையாளருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். செலவு பொதுச் செலவில் சேரும், கிடைக்கும் பணமும் கோப்பரேஷனுக்கு வரும். எதிர்ப்பவர்களோடு சண்டை பிடிக்காமல், வழக்கு இல்லாவிட்டால் திருத்தச் செலவு ஒவ்வொரு யூனிட்டுக்கும் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். லோயரின் செலவை மட்டும் காட்டி மற்றதை மறைப்பதால்தான் பல கட்டடங்களில் இந்தப் பேச்சு முடங்குகிறது.

பலகைக்குக் கீழே நடைபாதை இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன் அதை அடைத்துவிடுங்கள். கூட்டம், வாக்கு எல்லாம் பிறகு.

பழைய கொண்டோ ஒன்றை நாலு மாதம் முன் வாங்கினேன். கட்டடத்தின் நிலையைச் சொல்லிக் கோப்பரேஷன் தரும் ஸ்டேட்டஸ் சான்றிதழில் எல்லாம் நல்லபடி இருந்தது. இப்போது நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் திருத்த ஸ்பெஷல் அசெஸ்மென்ட். பக்கத்து வீட்டார் "இது போன வருடமே தெரிந்த விஷயம்" என்கிறார்கள்.

பக்கத்து வீட்டார் சொன்னதை எழுத்தில் தேடுங்கள். போன வருடத்துப் போர்ட் கூட்டக் குறிப்புகள், ரிசர்வ் ஃபண்ட் (பெரிய திருத்தங்களுக்கான சேமிப்பு) ஆய்வு, பொறியியலாளரின் கடிதங்கள் ஆகியவற்றைக் கேட்டு எடுங்கள். ஸ்டேட்டஸ் சான்றிதழை நம்பி வாங்கியவருக்கு எதிரில், அதில் சொன்னது, சொல்லாமல் விட்டது இரண்டாலும் கோப்பரேஷன் கட்டுப்பட்டது என்று 76ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழில் கையெழுத்திட்ட நாளில் போர்ட்டுக்கு இது தெரிந்திருந்ததென்று குறிப்புகள் காட்டினால் உங்கள் நிலை பலமானது. பணத்தை எதிர்ப்பைக் குறிப்பிட்டுக் கட்டிவிட்டு, திருப்பிக் கேளுங்கள். சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மோல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தின் உச்ச வரம்பு 2025 அக்டோபரிலிருந்து 50,000 டாலர், உங்கள் தொகை அதற்குள் அடங்கக்கூடும். விற்றவரைப் பிடிப்பது கஷ்டம். அவர் அறிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

வீட்டில் கிட்டெக் குழாய் இருப்பதாக இப்போதுதான் கண்டுபிடித்தோம். நட்டஈடு கிடைக்கும் என்கிறார்களே?

இனிக் கிடைக்காது. கிட்டெக் என்பது காலப்போக்கில் வெடிக்கக்கூடிய ஒரு வகைத் தண்ணீர்க் குழாய். அதைப் பற்றிப் பலர் சேர்ந்து போட்ட கூட்டு வழக்கின் 12.5 கோடி அமெரிக்க டாலர் நிதிக்குக் கோரிக்கை அனுப்பும் கடைசி நாள் 2020 ஜனவரி 9. வெடிக்கும் வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். கட்டடம் முழுவதுக்கும் ஒன்றாகச் செய்தால் விலை குறையும், போர்ட்டைக் கேளுங்கள். காப்புறுதிக் கம்பனியிடம் மறைக்க வேண்டாம்.

நாங்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சர்ரேயில் இருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் திருத்தச் செலவுக்கான வாக்கு இரண்டு தடவை தோற்றது. இங்கேயும் இதே சட்டமா?

இல்லை, அங்கே கொண்டோவை ஸ்ட்ராட்டா என்பார்கள், அதற்கு ஸ்ட்ராட்டாச் சட்டம். 80களிலும் 90களிலும் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் ஒழுகி, மரச்சட்டம் உக்கி, குடும்பங்கள் வாங்கிய விலையளவுக்குத் திருத்தச் செலவு கட்டி அழிந்ததைப் பழையவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1998இல் முன்னாள் முதல்வர் டேவ் பரெட் தலைமையில் விசாரணைக் குழு வைத்தார்கள். அதன் பலனாக 1999 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்கு 2-5-10 என்ற உத்தரவாதம் கட்டாயமானது: வேலைக்கும் பொருளுக்கும் 2 வருடம் வரை, தண்ணீர் உட்பட வெளியுறைக்கு 5, கட்டமைப்புக்கு 10. வெளியுறைக்கு ஒன்ராறியோவை விட நல்ல காலம் கிடைக்கிறது, அந்த மக்கள் பட்ட பாட்டுக்குக் கிடைத்தது அது. இங்கே இரண்டை ஐந்தாக்க இன்னும் என்ன நடக்க வேண்டுமோ தெரியவில்லை.

இன்னொரு வித்தியாசம், அங்கே ஸ்பெஷல் லெவி (ஸ்பெஷல் அசெஸ்மென்டுக்கு அங்கே உள்ள பெயர்) போடப் பொதுவாக நாலில் மூன்று பங்கு வாக்குத் தேவை. பாதிக்கு மேல் கிடைத்தும் முக்கால் வராமல் போனால், பாதுகாப்புக்கோ பெரிய நட்டத்தைத் தடுக்கவோ அவசியமான திருத்தம் என்று காட்டி ஸ்ட்ராட்டா கோப்பரேஷன் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். உங்கள் கட்டடத்தில் வாக்கு இரண்டு தடவை தோற்றது என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை வீதம் கிடைத்தது என்று எழுதவில்லை. பாதியைத் தாண்டியிருந்தால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கலாம், ஆனால் வாக்குக்குப் பிறகு விண்ணப்பிக்கக் கால வரம்பு உண்டு. குறிப்பை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு ஸ்ட்ராட்டா சட்டத்தரணியைப் பாருங்கள்.